கொண்டலாத்தி மார்க்

1

போன தை மாதம் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை திரவியம் மாமாவுடையது. மாமாவுக்குக் கேள்வி கேட்காமல் சோறு இறங்காது. சாதத்தில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன மருமவனே, பம்பாய்க்குப் போயி பன்னெண்டு வருசம் இருக்குமா? என்னதான் சேத்து வச்சிருக்கீரு?"

ஏதோ சேமிப்பு இருக்கிறது மாமா என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"டின்னு, மாமா."

"என்னது?"

"மோட்டார் எண்ணெய் டின்னு. பழைய டின்னு. காலி டின்னு."

மாமா குழி பறிப்பதை நிறுத்தினார். பிறகு அந்தப் பக்கத்து இலைக்காரரிடம் திரும்பி, "பம்பாய்த் தண்ணி ஒத்துக்கிடல போலுக்கு" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

நம் ஊர்க்காரர்கள் கொண்டுவரும் மலருக்குப் பம்பாயைப் பற்றி எழுதித் தரச் சொன்னபோது கடற்கரையைப் பற்றியும் மாடி பஸ்ஸைப் பற்றியும்தான் எழுத நினைத்தேன். அதையெல்லாம் ஏற்கெனவே எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். மாமாவுக்கு நான் கடன்பட்டிருக்கும் பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எழுதுகிறேன். இந்த மழைக்காலத்தில்தான் அந்தப் பதில் எனக்கே கிடைத்தது.

2

சயானில் ஒரு லாரிக் கம்பெனியின் கிட்டங்கியில் எனக்கு வேலை. பல்பு, பெல்ட், கிரீஸ், எஞ்சின் ஆயில் எல்லாம் என் கை வழியாகத்தான் வெளியே போகும். குடியிருப்பது செம்பூரை ஒட்டிய திலக் நகரில். ஓர் அறை, ஓர் அடுப்படி, நான், என் மனைவி செண்பகம், மகள் வசந்தா. பாலுக்கு ஒரு கார்டு, அரிசிக்கு ஒரு கார்டு. அரிசிக் கார்டில் என் பெயரோடு எப்படியோ ஒரு 'நாயர்' ஒட்டிக்கொண்டுவிட்டார். திருத்தப் போனால், திருத்துவதற்கு வேறொரு காகிதம் வேண்டும், அந்தக் காகிதத்தில் இருக்கும் பெயர் கார்டில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள். ஆகவே அரிசி வாங்கும்போது மட்டும் நான் நாயர்.

வசந்தா பிறந்தது இங்கேதான். தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்வாள். ஊரிலிருந்து வரும் கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்து, பாதியில் கொட்டாவி விட்டுக் கையில் கொடுத்துவிடுவாள். கேட்டால், "டைம் நஹி ஹை அப்பா." நேரம் இல்லையாம். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் வருவது பல்லா இந்த வாக்கியமா என்று எனக்குச் சந்தேகம்.

டின்னுக்கு வருகிறேன். கிட்டங்கியில் சேர்ந்த புதிதில் எனக்கு ஹிந்தி தெரியாது. டிரைவர்களில் பாதிப் பேருக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. பஞ்சாபிலிருந்து வந்தவர், மதுரைப் பக்கத்துக்காரர், கொங்கணத்து ஆள் எல்லாரும் சன்னலுக்கு வெளியே நின்று ஒரே பாஷையில் கேட்பார்கள்: "ஜஹாஜ் தோ." கப்பல் கொடு. "பத்தி தோ." விளக்குக் கொடு. டின்னில் என்ன படமோ அதுதான் எண்ணெயின் பெயர். யாரோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து ஒரு கப்பலை வரைந்திருக்கிறான். இந்தத் தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் லாரிக்காரர்கள் அந்தக் கப்பலை நம்பி எஞ்சினைத் திறந்து ஊற்றுகிறார்கள். அந்த மதிப்பில்தான் முதல் காலி டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகு அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

வெறுமனே சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. எந்த டின் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பதில்தான் ருசி இருக்கிறது. டின்னில் யாரும் வருஷம் போட்டு வைப்பதில்லை. அதன் உடம்பில் தேட வேண்டும். பக்கவாட்டுத் தையலைப் பாருங்கள். இரண்டு விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஈயம் ஊற்றிப் பற்றவைத்திருந்தால் பழையது. விளிம்புகளை மடித்துக் கொக்கியாக மாட்டி அமுக்கியிருந்தால் எந்திரத்தின் வேலை, பிந்தியது. முதுகில் கிளைகளின் பட்டியல் இருக்கும். அதில் கராச்சியும் ரங்கூனும் இருந்தால் எந்தக் காலம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உலகச் சண்டைக் காலத்து டின்களில் வர்ணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், தகரமும் மெலிசு. காலன் என்று போட்டிருந்தால் ஒரு காலம், லிட்டர் என்றால் நேற்று வந்தது. காலன் லிட்டர் இரண்டும் போட்டிருந்தால், அணாவும் நயா பைசாவும் சேர்ந்து புழங்கி நாம் எல்லாரும் மிச்சக் காசில் ஏமாந்த அந்த நாலைந்து வருஷங்கள்.

இதையெல்லாம் நான் சாப்பிடும்போதுதான் பேசுவேன். வேறு எப்போதும் என் வீட்டில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார மாட்டார்கள். செண்பகம், "மோர் வேணுமா?" என்பாள். அதற்கு, போதும் நிறுத்தும் என்று அர்த்தம். வசந்தா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் வீடு கழுவும் உற்சாகத்தில் செண்பகம் என்னுடைய இரட்டைக்கிளி டின்னை வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள். கிளி இரண்டும் பறந்துவிட்டன. டின் வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தது. "எம்புட்டு அழுக்கு!" என்று என்னிடமே காட்டினாள். நாளும் கிழமையுமாக எதுவும் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பளபளப்பு டின்னையும் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன்.

3

என் டின்களில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது கொண்டலாத்தி மார்க். தலையில் விசிறிக் கொண்டையோடு நம் வயல் வரப்பில் நடக்குமே, அதே பறவை. என்னிடம் அந்த டின் நான்கு இருந்தது. நான்கிலும் பறவை வலப் பக்கம் பார்த்து நிற்கும். ஆனால் மூடியைத் திருகிப் பார்த்தால், மூடியின் தலையில் புடைப்பாக அடித்திருக்கும் குட்டிக் கொண்டலாத்தி இடப் பக்கம் பார்க்கும்.

கம்பெனிக்காரன் டின்னுக்கு ஒரு பறவை, மூடிக்கு ஒரு பறவை என்று வேண்டுமென்றே மாற்றி வைக்க மாட்டான். படத்தை என்றைக்கோ மாற்றி வரைந்திருக்கிறார்கள், மூடி அடிக்கும் அச்சு மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. அப்படியென்றால் இடப் பக்கம் பார்க்கும் பறவை போட்ட டின் ஒன்று அதற்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். அதை யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பழைய சாமான்காரர்கள் எல்லாரும் கையை விரித்தார்கள்.

மார்க்குகளைப் பதிந்து வைக்கும் சர்க்கார் ஆபீஸ் ஒன்று கோட்டைப் பக்கம் இருக்கிறது. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். குமாஸ்தா மரியாதையாகவே உட்காரச் சொன்னார். கொண்டலாத்திக்கு ஹிந்தியில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. "தலையில் விசிறி இருக்கும் பறவை" என்பதைத் தட்டுத் தடுமாறி ஹிந்தியாக்கி, "சிர் பே பங்கா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மாடிக்கு அனுப்பினார். மாடியில் இருந்தவர் மின்சார விசிறிக் கம்பெனிகளின் மார்க்குகளை எல்லாம் என் முன்னால் பரப்பி வைத்து, எந்த விசிறி என்று கேட்டார். விசிறி இல்லை என்று கைகளைச் சிறகடித்துக் காட்டி, கொத்திக் காட்டி, கடைசியில் நானே பறவையாக நின்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பழைய பதிவுகள் இங்கே இல்லை, வேறு ஊரில் இருக்கலாம் என்று கடைசியில் சொன்னார்கள். ஆனால் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பம்பாயை இதற்காகத்தான் எனக்குப் பிடிக்கும். காரியம் ஆகாவிட்டாலும் டீ கிடைக்கும்.

4

எங்கள் கிட்டங்கியில் பேச்சிமுத்து என்று ஒரு மெக்கானிக். நாங்குநேரிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஆகிறது. தாராவியில் குடியிருக்கிறான். சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு முதல் தடவை போனேன்.

தாராவியை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் தகரமும் தாரும் அழுக்கும் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, அடித்துத் தட்டையாக்கி, அந்தத் தகடுகளை மரச்சட்டத்தில் ஆணி அடித்துத்தான் அங்கே பல வீடுகளுக்குச் சுவர். வெளிப்பக்கம் முழுக்கத் தார் பூசியிருப்பார்கள். அவன் குடியிருக்கும் சந்தில் ஒரு வழக்கம். தகட்டில் படம் உள்ள பக்கத்தை வீட்டுக்குள்தான் வைப்பார்கள். தெருவுக்குத் தார், வீட்டுக்குப் படம்.

பேச்சிமுத்துவின் வீட்டுக்குள் குனிந்து நுழைந்து நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சுற்றிலும் கப்பல், விளக்கு, சிங்கம், சூரியன். கீழே கழுவித் துடைத்த தரை. மாட்டுங்காவில் பெரிய பெரிய வீடுகளுக்குள் போயிருக்கிறேன். இவ்வளவு படம் எங்கும் பார்த்ததில்லை. மேற்குச் சுவரில், கயிற்றுக் கட்டிலுக்கு நேர் மேலே, அது இருந்தது. கொண்டலாத்தி. இடப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

 கிட்டே போய்ப் பார்த்தேன். வேறு ஓவியனின் கை. கொண்டையில் ஒவ்வொரு இறகும் தனியாக வரைந்திருந்தது, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஆனால் முதல் பதிப்பு என்று சொல்ல எனக்கு இன்னும் ஒன்று வேண்டும். டின்னின் அடி விளிம்பில் அச்சிட்டவனின் பெயர் எள்ளளவு எழுத்தில் இருக்கும். அதைக் கொண்டு காலத்தைப் பிடித்துவிடலாம். அந்த விளிம்பு மட்டும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு மரப்பட்டிக்கு அடியில் போய்விட்டது. பட்டியை நாலு ஆணி பிடித்திருந்தது.

"பேச்சிமுத்து, இந்தப் பட்டியை மட்டும் கழற்றிப் பார்த்துட்டு உடனே அடிச்சிரலாமா?" என்றேன்.

"தொடப்பிடாது!"

சொன்னது அவன் மனைவி இசக்கி. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். அப்போதுதான் கவனித்தேன், ஆறு மாதம் இருக்கும்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. புள்ளத்தாச்சி இருக்க வீட்டுல ஆணி அடிக்கப்பிடாது, புடுங்கவும்பிடாது. எனக்கு ரெண்டு தங்காமப் போச்சு. இது மூணாவது. ஒரு ஆணியும் அசையப்பிடாதுன்னு நாந்தான் சொல்லி வச்சிருக்கேன். காலண்டர்கூட அரிசி மூட்ட மேல சாச்சித்தான் வச்சிருக்கு, பாத்தியளா?"

காலண்டர் மூட்டை மேல்தான் சாய்ந்திருந்தது.

"புள்ள பொறக்கட்டும். பொறவு ஆணிய மட்டுமில்ல, சொவரையே எடுத்துட்டுப் போங்க" என்றாள். பிறகு தட்டில் பணியாரம் வைத்தாள்.

5

ஊரில் நம் எல்லார் வீட்டிலும் இருக்கும் வழக்கம்தான். செண்பகம் வயிற்றில் வசந்தா இருந்தபோது நானே கழன்ற சன்னல் கொக்கியை ஆணி அடிக்காமல் சணல் கட்டி நிறுத்தியிருந்தேன். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் கொக்கியைக் கட்டினேன்.

கஷ்டம் என்னவென்றால் பிள்ளை ஆடியில் பிறக்கும், பம்பாயில் மழை வைகாசி முடியும்போதே வந்துவிடும். மேற்குச் சுவர்தான் சாரலை முழுக்க வாங்கும். கொண்டலாத்தித் தகட்டின் முதுகில் தார் உரிந்து கிடந்ததை நான் வெளியே போய்ப் பார்த்திருந்தேன். துரு ஏற்கெனவே ஊசி ஊசியாக ஏறியிருந்தது. இந்த ஒரு மழையைத் தாங்காது.

மழை வந்தது. நான் ஞாயிறுதோறும் போனேன். ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு இசக்கியைப் பார்க்கப் போவதாகப் பெயர். அவளுக்குத் தெரியாதா? "அண்ணாச்சி, ஒங்க பறவ சொகமா இருக்கு, எனக்குத்தான் இடுப்பு வலி" என்பாள். வாய் அப்படி. ஆனால் சிரித்த முகத்துக்குக் கீழே பயம் இருந்தது. கட்டிலை விட்டு இறங்கும்போது சுவரைப் பிடிக்க மாட்டாள், ஆணி அசைந்துவிடும் என்று தரையில் கை ஊன்றித்தான் எழுந்திருப்பாள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் கிட்டங்கியில் பேச்சிமுத்து என் சன்னலுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, அவ இன்னைக்கு சயான் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போயிருக்கா. மதினி ஒருத்தி தொணைக்கு. சாயந்தரந்தான் வருவா. வாங்க, பட்டியக் கழத்திப் பாத்துட்டு அதே ஓட்டையில ஆணிய வச்சிருவோம். அவளுக்கு எப்பிடித் தெரியப்போவுது?"

எனக்காகத்தான் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். ஒரு நிமிஷம் அந்த எழுத்து என் கண் முன்னால் வந்து நின்றது. பிறகு, வேண்டாம் என்றேன். ஆணி ஒன்றும் செய்யாது என்பது என் அறிவு. ஆனால் அந்த அறிவை இன்னொருத்தியின் வயிற்றில் வைத்துப் பரீட்சை பார்க்க எனக்கு என்ன உரிமை? ஏதாவது ஆகிவிட்டால் அவளுக்குத் தெரியாமல் போகலாம், எனக்குத் தெரியுமே. வீட்டில் செண்பகத்திடம் சொன்னேன். சாப்பாட்டு நேரம்தான். "மோர் வேணுமா?" என்று அவள் கேட்கவில்லை.

6

ஆடி பிறந்து முதல் வாரம் பெரிய மழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது. கிட்டங்கிக்குள் முழங்கால் தண்ணீர். பெல்ட்டுகளை மேல் தட்டுக்கு ஏற்றுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. பேச்சிமுத்து காலையிலேயே, வீட்டுச் சுவர் ஆடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

சாயந்தரம் நடந்தும் பஸ்ஸுமாகத் திலக் நகர் வந்து சேர்ந்து கதவைத் திறந்தேன். வீட்டில் யாரும் இல்லை. அலமாரியும் காலி. மேல் தட்டு, கீழ்த் தட்டு, கட்டிலுக்கு அடியில், அடுப்படிப் பரண் எங்கும் ஒரு டின் இல்லை. சோடா போட்டுத் தேய்த்த பளபளப்பு டின்கூட இல்லை.

பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் கதவைத் திறந்து, "தும்சி பாய்கோ, முல்கி, ஹாத்காடி" என்று கை காட்டினாள். மனைவி, மகள், கைவண்டி. எங்கே போயிருப்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. குடையைக்கூட எடுக்காமல் திரும்பவும் ஓடினேன். வழியெல்லாம் என்ன யோசித்தேன் என்றால், உள்ளதைச் சொல்கிறேன், கராச்சி டின்னைப் பற்றித்தான் யோசித்தேன்.

தாராவிச் சந்தில் பேச்சிமுத்து வீட்டின் மேற்குப் பக்கம் மார்பு உயரத்துக்கு ஏதோ நின்றது. அதன்மேல் எங்கள் கம்பெனித் தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டியிருந்தது. செண்பகம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் நின்றாள். வசந்தாவின் இரட்டைச் சடையிலும் மணல்.

காற்றில் மேற்குச் சுவர் சட்டத்தை விட்டுக் கழன்று உள்ளே சாய ஆரம்பித்திருக்கிறது. சாரல் நேராகக் கட்டிலில் அடித்திருக்கிறது. அடித்து நிறுத்த ஆணி கூடாது. நிறைமாதக்காரியைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகலாம் என்றால் சந்தில் எல்லா வீட்டிலும் தண்ணீர். பேச்சிமுத்து மழையோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறான். மழைக்குக் கிட்டங்கியைப் பூட்டியிருப்பார்கள் என்று நினைத்து என்னைத் தேடித்தான் வந்தான். இருந்தது செண்பகம். அவள் அலமாரியைப் பார்த்திருக்கிறாள்.

புனல் வைத்து டின்களுக்குள் மணல் ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தகட்டுச் சுவரை வெளியிலிருந்து முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். முழுச் சுவருக்கும் ஓர் ஆணிகூட இல்லை.

"என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"கேட்டா யோசிப்பிய" என்றாள் செண்பகம். "மழ யோசிக்காதுல்லா."

உள்ளே எட்டிப் பார்த்தேன். இசக்கி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கட்டில் நனைந்தது நனைந்ததுதான். ஆனால் புதிதாகச் சாரல் இல்லை. தலைமாட்டில் கொண்டலாத்தி தன் இடத்தில் அசையாமல் நின்றது. "அண்ணாச்சி, ஒங்க சொத்தெல்லாம் வெளிய நிக்கி" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. டின்னுக்காக இல்லை. இந்த இரண்டு பெண்பிள்ளைகளோடு இத்தனை வருஷம் ஒரே அறையில் இருந்தும் இவர்களை நான் சரியாகப் பார்த்ததில்லையே என்று தோன்றியது.

7

அடுத்த வாரம் சயான் ஆஸ்பத்திரியில் இசக்கிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பேச்சிமுத்து கிட்டங்கி முழுக்க ஜிலேபி கொடுத்தான். எனக்கு மட்டும் இரண்டு.

பதினாறாம் நாள் தீட்டுக் கழித்த பிறகு எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நாள். பேச்சிமுத்து புதிய தகரம் வாங்கி வைத்திருந்தான். இசக்கி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்பம் புடுங்குங்க அண்ணாச்சி" என்றாள். "எத்தன வேணும்னாலும் புடுங்குங்க."

நாலு ஆணி. பட்டி கழன்றது. அதற்கு அடியில் இருந்த இரண்டு விரற்கடை விளிம்பு பட்டியோடு சேர்ந்து பொரிந்த அப்பளம் மாதிரி உதிர்ந்து தரையில் விழுந்தது. மரம் தண்ணீரைக் குடித்துக் குடித்து அங்கேதான் துருவை வளர்த்திருக்கிறது. எழுத்து இல்லை. அச்சிட்டவன் பெயர் இல்லை. நான் குனிந்து தூளை விரலால் கிளறினேன்.  பேச்சிமுத்து, "அன்னைக்கே பாத்திருக்கலாம் அண்ணாச்சி" என்று முணுமுணுத்தான். இசக்கி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவசரமாக மேற்குச் சுவரின் மற்றத் தகடுகளையும் ஆணி பிடுங்கிக் கழற்ற ஆரம்பித்தான்.

கொண்டலாத்தித் தகடு என் கைக்கு வந்ததும் திருப்பினேன். பக்கவாட்டுத் தையல் ஈயம் ஊற்றிப் பற்றவைத்தது. கை வேலை. என்னிடம் இருக்கும் எந்தக் கொண்டலாத்திக்கும் முந்தியது, அதில் சந்தேகம் இல்லை. அதற்கு மேல் சொல்ல முடியாது. அவ்வளவுதான் என்று நிமிர்ந்தேன்.

தகடுகள் இருந்த இடத்தில் என் டின்கள் நின்றன.

எல்லாம் வீட்டுக்குள் பார்த்து நின்றன. கப்பல், விளக்கு, சிங்கம், என் நான்கு கொண்டலாத்தி, ஒவ்வொன்றும் முகம் உள்பக்கம். கொட்டும் மழையில், சேற்றில் நின்றுகொண்டு, தகடுகளுக்குப் பின்னால் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஒவ்வொரு டின்னையும் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

"யாரு பாக்கப் போறான்னு இப்பிடி வச்சீங்க?" என்றேன்.

"இங்கன அதான வழக்கம்?" என்றாள் செண்பகம். "நீங்கதான சொன்னிய. தெருவுக்குத் தார், வீட்டுக்குப் படம்னு."

அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தேன். அடி வரிசை முழுக்க ஈயப் பற்று டின்கள். அதற்கு மேலே கராச்சி, ரங்கூன். அதற்கு மேலே ஒற்றை வர்ணத்துச் சண்டைக் காலம். பிறகு காலன், பிறகு காலனும் லிட்டரும், உச்சியில் லிட்டர். பழையதிலிருந்து புதியது வரை, ஒரே ஒரு விளக்கு டின்னைத் தவிர, எதுவும் இடம் மாறவில்லை. பளபளப்பு டின்னும் அதன் வரிசையில் இருந்தது. செண்பகத்துக்கு இந்த விவரம் தெரியாது. நான் வசந்தாவைப் பார்த்தேன்.

"ரோஜ் சாப்பிடும்போது இதானப்பா பேசுதீங்க" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "யாத் ஹோ கயா." தினமும் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டதாம்.

"அந்த விளக்கு டின் சண்டைக்குப் பிறகு வந்ததாச்சே" என்றேன். 

"நஹி அப்பா. கைப்பிடி பாருங்க. கம்பி இல்ல, தகரத்தையே மடிச்சு வச்சிருக்கு. சண்டை டைம்ல கம்பி கிடைச்சிருக்காதுல?"

போய்ப் பார்த்தேன். மடித்த தகரம்தான். இத்தனை வருஷம் அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் தூக்கியிருக்கிறேன்.

பேச்சிமுத்து டின்களை ஒவ்வொன்றாக இறக்கி எனக்குக் கட்டிக் கொடுக்கக் கயிற்றோடு வந்தான். இசக்கியின் மடியில் பிள்ளை விழித்துக்கொண்டு, அந்த வர்ணங்கள் இருக்கும் பக்கமே கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்தது. பதினாறு நாள் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. ஆனால் கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"டின்னு இருக்கட்டும்லே. புதுத் தகரத்த அதுக்கு வெளிப்பக்கம் அடி."

"அண்ணாச்சி, ஒங்க டின்னு..."

"அடின்னா அடி. இப்பம் ஆணி அடிக்கலாம்லா?"

அடித்தான். சந்து முழுக்க அந்தச் சுத்தியல் சத்தம் கேட்டது. இசக்கி பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கொண்டலாத்தித் தகடு இப்போது திலக் நகரில் எங்கள் காலி அலமாரியில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் சீட்டில் வசந்தா தமிழில் எழுதியிருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள், கொட்டாவி விடவில்லை: "கைப் பற்று. பழையது. எவ்வளவு பழையது என்று தெரியவில்லை."

ஞாயிறுதோறும் நாங்கள் மூன்று பேரும் என் டின்களைப் பார்க்கப் போகிறோம்.

திரவியம் மாமா, பம்பாயில் என்ன சேர்த்தேன் என்று கேட்டீர்களே. வந்து பாருங்கள். திலக் நகருக்கு வர வேண்டாம், நேரே தாராவிக்கு வாருங்கள். வெளியே நின்று பார்த்தால் வெறும் தகரம்தான் தெரியும், இதற்கா வந்தோம் என்று நினைப்பீர்கள். குனிந்து உள்ளே வந்து தரையில் உட்காருங்கள். இசக்கி பணியாரம் தருவாள். படம் உள்பக்கம்தான் இருக்கிறது.